கொடியின் கீழ்மூலைக் கத்திரிக்கோல்

சந்தை அலுவலக மேசையில் விரித்திருந்த கொடியைக் காவல்காரன் காளிச்சாமி மறுபக்கம் புரட்டிப் போட்டான். அறையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து பார்த்துத் திருப்தியாய்த் தலையாட்டினார்கள். அதைத் தைத்த பாத்திமுத்து மட்டும் தலையாட்டவில்லை.

தப்பு. சந்தேகத்துக்கே இடமில்லாத தப்பு. கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் தன் வீட்டு முன்னறையில் பதினெட்டு நாள் இடுப்பொடியக் குனிந்து, தன் கையாலேயே தைத்த தப்பு. இது இப்படியே கம்பத்தில் ஏறினால் ஊர் இரண்டுபடும். வாயைத் திறந்து சொன்னாலோ, அவள் குடும்பத்து அடையாளம் இந்தக் கொடியிலிருந்து இறங்கும். இறங்கினால் இறங்கினதுதான், மறுபடி ஏறாது.

ஒரு துணிக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள், அந்த ஊரைப் பற்றித் தெரியாதில்லையா.

தாராபுரத்துக்குக் கிழக்கே அமராவதிக் கரையோரம் இருக்கிறது நாலூர்ச்சந்தை. சந்தை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல். மேலே யாருக்கும் வாசிக்க வராத பழைய எழுத்து. கீழே அடையாளங்கள். ஏரைக் கொடியில் வைத்துக்கொண்டு தங்களையே நாடு என்று சொல்லிக்கொண்ட உழவர் சபைகளும், கூலிக்கு வாள்காரர்களை வைத்துக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் பொதிமாடு ஓட்டின வணிகக் கூட்டங்களும் ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கோலோச்சினவர்கள். அவர்கள் கூடி முறை வகுத்த இடத்தில் கல் நட்டார்கள். கையெழுத்துக்குப் பதில் ஒவ்வொரு தொழிலும் தன் அடையாளத்தை வெட்டிவைத்தது. நாலூர்ச்சந்தைக் கல்லில் மேலே அடுத்தடுத்து இரண்டு: உழவர்களுக்கு மேழி, வணிகர்களுக்குத் தராசு. அவற்றின் கீழே நட்டநடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாய்க் காளை, செக்கு, சுத்தியல். கடைசியாய்க் கீழ்மூலையில், ஒரு சாண் அளவில், கத்திரிக்கோல்.

அந்தக் கத்திரிக்கோல் பாத்திமுத்து வீட்டு அடையாளம். அவள் முப்பாட்டனார் காலத்தில், சந்தைக்குக் கூடாரம் தைக்க வந்தவர்களுக்கு மற்ற ஐந்து அடையாளக்காரர்களும் ஒரே வாயாய்ச் சம்மதித்து வெட்டிக் கொடுத்த இடம். அன்றிலிருந்து சந்தை நோம்பித் திருவிழாவுக்குக் கொடி தைக்கிற உரிமை அந்த வீட்டுக்கு மட்டும்தான். கொடி ஏறினதும் அடையாளம் அடையாளமாய்ப் பேர் கூப்பிடுவார்கள். அந்தத் தொழிலுக்குரியவர் கூட்டத்தில் நின்று "உண்டு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்த் தேங்காய் வாங்க வேண்டும். அவளைப் பெற்ற அத்தா அக்பர் அலி எண்பத்திரண்டாம் வருடம் வரைக்கும் அப்படிக் குரல் கொடுத்தவர். கோயமுத்தூரில் அவர் சாதாரணத் தையல்காரர். வருஷத்தில் ஒரு நாள், இந்த மண்ணில் மட்டும், ஒரு சபைக்காரர்.

எண்பத்து மூன்றில் எல்லாம் நாசமாய்ப் போயிற்று. அப்போதெல்லாம் கொடி ஒற்றைத் துணி. ஒற்றைத் துணி என்றால் ஒரு பக்கம் நின்று பார்க்கிறவனுக்கு மேழி முதலில் தெரியும், மறுபக்கம் நிற்கிறவனுக்குத் தராசு முதலில் தெரியும். தலைமுறை தலைமுறையாய் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. அந்த வருடம் மஞ்சள் நல்ல விலைக்குப் போய் வணிகர்கள் கை ஓங்கியிருந்தது. மேற்கே நின்ற நாலு பேர், பார், கொடியே எங்களைத்தான் முதலில் வைத்திருக்கிறது, பரிவட்டம் எங்களுக்கு என்றார்கள். கிழக்கே நின்றவர்கள் விடுவார்களா? கொடி கிழிந்தது. மூன்று பேர் மண்டை உடைந்தது. காளிச்சாமிக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நோம்பி நின்றது, மாட்டுச் சந்தை படுத்தது, வழக்கு நடந்தது. அக்பர் அலி தராசுக்காரர்களிடம் கைநீட்டி வாங்கிவிட்டார் என்று மேழிக்காரர்கள் பேசினார்கள். மேழிக்காரர்களிடம் வாங்கிவிட்டார் என்று தராசுக்காரர்கள் பேசினார்கள். ஊரே பகையாய்க் கிடந்தாலும் அந்தப் பழியில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள். மனுஷர் அதைக் கேட்டுக் கேட்டுப் புழுங்கியே மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்தார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, தொண்ணூற்றைந்தில் சமரசம் வந்தது. முதல் இடமும் பரிவட்டமும் மேழிக்கு, சந்தைத் தலைமை தராசுக்கு. கொடி இனிமேல் இரட்டைத் துணி. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பார்க்கிறவனுக்கு இடது கைப் பக்கம் மேழி, வலது கைப் பக்கம் தராசு. மேழித் தரப்புக்குப் பெரியவர் செங்கோடனும், தராசுத் தரப்புக்கு மஞ்சள் மண்டிக் கிருபாசங்கரும் ஒரே அம்பாசிடரில், ஒருத்தர் முன்சீட்டிலும் ஒருத்தர் பின்சீட்டிலுமாய், கோட்டைமேட்டுக்கு வந்து இறங்கினார்கள். பாத்திமுத்துவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல்லின் மேல் கை வைத்து, முறைப்படி தைப்பேன் என்று சொல்லச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அத்தாவின் பேரை ஒரு வழியாய்க் கழுவிவிடலாம் என்று அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் கை செய்த துரோகத்தை என்னவென்று சொல்ல? கொடி தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணி வெயிலில் நிற்கும்போது பின்பக்கத்து உரு முன்பக்கம் நிழலடிக்கும், பார்க்க அசிங்கமாய் இருக்கும். அதனால் முன்பக்கத்து உருவுக்கு நேர் முதுகிலேயே பின்பக்கத்து உருவையும் வைத்துத் தைப்பார்கள். கட்சிக் கொடியோ பள்ளிக்கூடக் கொடியோ, முப்பது வருஷமாய் அவள் தைத்ததெல்லாம் அப்படித்தான். இந்தக் கொடிக்கு நடுவில் கெட்டிக் காடாத் துணி வைத்தாயிற்று, நிழலே அடிக்காது, அந்தப் பழக்கத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஆனாலும் இரண்டாவது துணியில் உருக்களை வைக்கும்போது கை தன்பாட்டுக்கு மேழிக்கு முதுகில் மேழியையும் தராசுக்கு முதுகில் தராசையும் வைத்துத் தைத்துவிட்டது. பழைய ஒற்றைத் துணிக் கொடி எப்படியோ, அச்சு அசல் அதே மாதிரி. எந்தச் சண்டையைத் தீர்க்கத் தைத்தாளோ அந்தச் சண்டையையே இரண்டு துணியில் தைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

ஊர்ப் பெரியவர்கள் கண்ணில் அது ஏன் படவில்லை என்றால், காளிச்சாமி கொடியைப் புத்தகத்தாள் புரட்டுவது போலப் புரட்டவில்லை. தோசை புரட்டுவது போல மேலது கீழாய்ப் புரட்டினான். உருக்கள் தலைகீழாய்க் கிடந்தாலும் மேழி இருந்த பக்கமே மேழி, தராசு இருந்த பக்கமே தராசு. ஆஹா, இரண்டு முகமும் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் நிம்மதி. சரியாய்த் தைத்திருந்தால்தான் அப்படிப் புரட்டும்போது இடம் மாறித் தெரியும். கொடி தைக்கிறவளுக்குத் தெரிகிற கணக்கு அது. அறையில் அந்தக் கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கொடியை மடித்துத் தேக்குப் பெட்டியில் வைத்தார்கள். செங்கோடன் அரக்கில் மேழி முத்திரையைக் குத்தினார். கிருபாசங்கர் தராசு முத்திரையைக் குத்தினான். ஒன்பதரைக்குக் கம்பத்தடியில் உடைக்க வேண்டியது. இப்போது மணி ஏழே முக்கால்.

செங்கோடன் மனைவி கருப்பாத்தாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சமையல் பந்தலில் உட்காரவைத்தார். இலையில் சந்தகை, தேங்காய்ப்பால். சாப்பிடு கண்ணு, உங்க அப்பா கொடி கொண்டாரப்பவும் நாந்தான் பரிமாறுவேன் என்று வாஞ்சையாய்ச் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார். பாத்திமுத்துவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பக்கத்தில் அவள் புருஷன் ரசாக், போத்தனூர் ரயில்வே வொர்க்ஷாப்காரர், மூன்றாவது தடவை தேங்காய்ப்பால் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவர் கை இலையிலேயே நின்றது.

ரசாக் கோழையில்லை, ஆனால் கணக்குப் பார்க்கிற மனுஷர். பேசாமல் இரு என்றார். காற்று அடிக்காவிட்டால் கொடி தொங்கிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, பத்து மணி பஸ்ஸுக்கு ஏறிவிடலாம் என்றார். சித்திரைக் காற்று சும்மா இருக்காது என்றாள் அவள். அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். அக்பர் அலி காலம் வேறு, இப்போது நாட்டு நிலைமை வேறு, இன்றைக்கு நம் பேர் அடிபட்டால் தையல்காரி தப்பு செய்தாள் என்று மட்டும் நிற்காது, அதற்கு வேறு வேறு பேர் வைப்பார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை. மாமனார் பேரைச் சுமந்தது போதும் புள்ள, ஊட்டுக்குப் போலாம் என்று அவர் கெஞ்சினது அவளுக்கு இன்னும் ஆத்திரமாய் இருந்தது. தப்புச் செய்தது தான் என்றிருக்க யார் மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காளிச்சாமி எதிரே வந்து உட்கார்ந்தான். சந்தைக் காவல்காரன், இன்றைக்கு அடையாளங்களைக் கூப்பிடப்போகிறவனும் அவன்தான். கூப்பிடுகிற வரிசையை அவளிடமே ஒப்பித்துக் காட்டினான். மேழி, தராசு, காளை, செக்கு, சுத்தியல், கத்திரிக்கோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். எனக்கு எட்டு விரல் மிச்சம், ஆறு அடையாளத்துக்குத் தாராளம் என்று பல்லைக் காட்டிச் சிரித்தான். போன தடவை சண்டையில் வெட்டுப்பட்ட கையோடு எங்கே கிடந்தான், யார் தூக்கினார்கள் என்பதை ஏதோ கல்யாண வீட்டுக் கதை மாதிரிச் சொன்னான். அப்புறம் பந்தலுக்கு வெளியே கை காட்டினான். கம்பத்துக்குக் கிழக்கே மேழிக்காரர்கள், மேற்கே தராசுக்காரர்கள், பாய் விரித்து இப்போதே இடம் பிடித்திருக்கிறார்கள், குழந்தை குட்டியோடு. அதே இடமுங்க, அப்பவும் இப்படித்தான் உக்காந்திருந்தோம் என்றான்.

கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம், நடுவில் அவள் தைத்த கொடி. பாத்திமுத்து இலையை மடித்தாள். ரசாக் அவள் முந்தானையைப் பிடித்தார். விடுங்க என்று ஒரு சொல்தான் சொன்னாள், அவர் விட்டுவிட்டார்.

சந்தை அலுவலகத்து அறையில் செங்கோடனும் கிருபாசங்கரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், காவலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஏனுங்கய்யா, தம்பி, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. கொடி தப்புங்க. பின்பக்கம் தராசு இடது கைக்கு வந்துருச்சு. நாந்தான் தப்பாத் தெச்சுபோட்டேன்."

கிருபாசங்கருக்குச் சிரிப்பு வந்தது. இப்பத்தானுங்கக்கா புரட்டிப் பார்த்தோம் என்றான். அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். முத்திரையைக் கம்பத்தடியில்தான் உடைக்க வேண்டும் என்றான் அவன். அங்கே உடைத்தால் முத்திரை மட்டுமா உடையும் என்றாள் அவள். செங்கோடன் தன் முத்திரையை நகத்தால் பெயர்த்தார். அப்புறம்தான் அவனும் பெயர்த்தான்.

கொடியின் மேல்விளிம்பை அவளே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைமேல் ஏறி நின்றாள். இந்தப் பக்கம் செங்கோடன், அந்தப் பக்கம் கிருபாசங்கர், நடுவில் கொடி. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. இடது கைப் பக்கம் என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

"மேழி" என்றார் செங்கோடன்.

துணிக்கு அந்தப்புறமிருந்து கிருபாசங்கர் சொன்னான்.

"தராசு."

வெளியே தப்பட்டை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். செங்கோடன் கொடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

"இது யாரு சொல்லிச் செஞ்சதுங்க அம்மணி?"

அத்தாவைக் கேட்ட அதே கேள்வி. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, அத்தனையும் கோபம்.

"என்ற கை சொல்லிச் செஞ்சதுங்க. கைநீட்டி வாங்கியிருந்தா நானே வந்து சொல்லுவனுங்களா? பத்து மணி பஸ்ஸுக்கு ஏறிப் போயிருக்க மாட்டனா?"

செங்கோடன் தலை குனிந்துகொண்டார். கேட்டது தப்பு என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். கிருபாசங்கர்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் வியாபாரி, மூளை வேறு மாதிரி ஓடும். அப்படியே விட்டால்தான் என்ன என்றான். கிழக்கே இருக்கிறவர்களுக்கு மேழி முதலில் தெரியட்டும், மேற்கே எங்கள் ஆட்களுக்குத் தராசு முதலில் தெரியட்டும், இரண்டு பேருக்கும் மனசு குளிர்ந்துவிடுமே என்றான். எண்பத்து மூன்றிலும் இரண்டு பேருக்கும் அப்படித்தான் தெரிந்தது, அன்றைக்கு மனசா குளிர்ந்தது என்று கேட்டார் செங்கோடன்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டு பேரும் ஒன்றாய்க் கேட்டார்கள். பின்பக்கத்து இரண்டு உருவையும் பிரித்து, இடம் மாற்றித் தைக்க ஒரு மணி நேரம் என்றாள். மணி எட்டு முப்பத்தைந்து.

கொடியை மேசையில் கவிழ்த்துப் போட்டார்கள். பிளேடை எடுத்து மேழியின் ஓரத்துத் தையலை ஒவ்வொரு கண்ணியாய் அறுத்தாள். வேகமாய் அறுத்தால் துணி கிழியும், மெதுவாய் அறுத்தால் நேரம் கிழியும். தராசின் இரண்டு தட்டும் பிரிந்து வருவதற்குள் அவளுக்கு முதுகு நனைந்துவிட்டது. செங்கோடன் மேழியைப் பிடித்துக்கொண்டார், கிருபாசங்கர் தராசைப் பிடித்துக்கொண்டான். உங்களுடையதை நீங்கள் பிடித்தால் எனக்குக் கை எட்டாது, இடம் மாறி நில்லுங்கள் என்று அதட்டினாள். பெரியவர் தராசைப் பிடித்தார், அவன் மேழியைப் பிடித்தான். அவர்கள் இரண்டு பேரையும் இப்படி அதட்டின ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

பழைய தையல் துளைகள் வரிசையாய்த் தெரிந்தன. புது உரு அவற்றை மூடும்படி ஓரத்தை இழுத்து இழுத்து வைத்தாள். ஊசி விரலில் ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் துணியில் பட்டால் கொடி தீட்டு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மற்றக் கையால் தைத்தாள். ஒன்பது பத்துக்குக் காளிச்சாமி கதவைத் தட்டினான். பூசாரி கேட்கிறார் என்றான். வாரேன் போ என்று செங்கோடன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஒன்பது இருபதுக்கு மறுபடி தட்டினான். வெளியே தப்பட்டைச் சத்தம் நின்று, சனத்தின் சலசலப்புக் கேட்டது. உள்ளே என்னமோ நடக்கிறது என்று யாரோ கத்தினார்கள். பாத்திமுத்து தலையைத் தூக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குக் கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

மறுபடி மேசைமேல் ஏறித் தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கமிருந்தும் மேழி என்று சத்தம் வந்தது, அந்தப் பக்கமிருந்தும் மேழி என்று சத்தம் வந்தது. கிருபாசங்கர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது கொஞ்சம் கசந்துதான் வந்தது, ஆனால் வந்தது.

அவள் கீழே இறங்கினாள். கொடியை மடிக்க யாரும் கை வைக்கவில்லை. மூன்று பேருடைய கண்ணும் போய் நின்ற இடம் ஒன்றுதான். கம்பத்தை ஒட்டின கீழ்மூலையில், ஒரு சாண் அளவுக்குச் சிவப்புத் துணியில் கத்திரிக்கோல்.

முறை தப்பின பட்டறையின் அடையாளம் கொடியில் நிற்கக் கூடாது. கல்லில் வெட்டியிருப்பதாய்ச் சொல்லப்படும் விதிகளில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி அது. இறங்கினது மறுபடி ஏற வேண்டுமானால் மற்ற ஐந்தும் ஒரே வாயாய்ச் சம்மதிக்க வேண்டும். இந்த ஊர் ஒரே வாயாய் எதற்காவது சம்மதிக்கும் என்று நம்புகிற அளவுக்கு அவள் பைத்தியம் இல்லை.

கிருபாசங்கர் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அது இருக்கட்டுங்கக்கா. நம்ம மூணு பேருக்குத்தானுங்க தெரியும்."

ஆமாம் என்று மட்டும் பெரியவர் சொல்லிவிட்டால் போதும். அல்லாவே, சொல்லிவிடட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. செங்கோடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்.

"முறை வேணும்னுதான பன்னெண்டு வருசம் கோர்ட்டுக்கு நடந்தோம் தம்பி. மொத நாளே மூணு பேரு கதவச் சாத்திக்கிட்டு மறைச்சோம்னா, அந்தக் கொடிய நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஏத்தறது?" இன்னும் திரும்பாமலேயே, "ஆனா அம்மணி, எறக்குங்கன்னு என்ற வாயால சொல்ல மாட்டனுங்க" என்றார்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுச் சொல்லமாட்டேன் என்கிறாரே பெரிய மனுஷர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பிளேடை எடுத்தாள். பதினெட்டு நாள் வேலையிலேயே அதிக நேரம் எடுத்து, அதிகப் பிரியத்தோடு தைத்தது அந்தச் சின்ன உருதான். தையலும் அவ்வளவு நெருக்கம். முன்பக்கம் அறுத்து முடித்துக் கொடியைப் புரட்டிப் பின்பக்கம் அறுத்தாள். சிவப்புத் துணி இரண்டும் கையோடு வந்தன. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஏத்துங்க என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கொடி ஏறியது. நல்ல காற்று, துணி படபடவென்று அடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுழன்றது. மேற்கே இருந்தவர்களில் சிலர் எழுந்து கிழக்கே போய்ப் பார்த்தார்கள். கிழக்கே இருந்தவர்கள் மேற்கே வந்து பார்த்தார்கள். எந்தப் பக்கமும் மேழி முதலில், தராசு அடுத்து. பேசினபடி இருக்கிறது என்று ஒருத்தர் சொல்ல, அது வாய்க்கு வாய் பரவியது. காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு மோர்ப்பந்தலுக்கு நடந்தார்கள். ரசாக் அவள் பக்கத்தில் வந்து நின்று பெருமூச்சு விட்டார். நல்லபடியா முடிஞ்சுது புள்ள என்றார். அவருக்கு இன்னும் தெரியாது, அவள் சொல்லவில்லை.

காளிச்சாமி கம்பத்தடியில் ஏறி நின்று தாளைப் பிரித்தான். மேழி என்று கூப்பிட்டான். உண்டு என்றார் செங்கோடன், பரிவட்டம் கட்டினார்கள். தராசு என்றான். உண்டு என்றான் கிருபாசங்கர். காளை உண்டு, செக்கு உண்டு, சுத்தியல் உண்டு. ஒவ்வொரு குரலுக்கும் கூட்டம் சந்தோஷமாய் ஆரவாரித்தது. பன்னிரண்டு வருஷமாய் அடக்கிவைத்திருந்த ஆரவாரம் அது.

"கத்திரிக்கோல்" என்றான் காளிச்சாமி, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

ரசாக் அவள் முழங்கையை இடித்தார். கருப்பாத்தாள் பெண்கள் கூட்டத்திலிருந்து போ கண்ணு என்று கை காட்டினார். உண்டு என்று ஒரு சொல், நாக்கு நுனியில் இருக்கிறது. அத்தா சொன்ன சொல். செங்கோடனும் கிருபாசங்கரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அவள் அதைச் சொன்னால் அந்த இரண்டு பேரும் மறுத்துப் பேசமாட்டார்கள், அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"கத்திரிக்கோல்" என்று காளிச்சாமி இரண்டாம் தடவை கூப்பிட்டான்.

"இல்லீங்க" என்றாள் பாத்திமுத்து.

அவனுக்குக் காதில் சரியாய் விழவில்லை போல. கையைக் காதுக்கு வைத்துக்கொண்டு குனிந்தான். இந்தத் தடவை கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"கத்திரிக்கோல் கொடியில இல்லீங்க. தெச்சதுல தப்பு பண்ணிட்டோம். கூப்புடாதீங்க."

கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கிக் கொடியின் கீழ்மூலையைத் தேடியது. அங்கே ஊசித் துளைகள்தான் இருந்தன, அவ்வளவு உயரத்தில் அவையும் யார் கண்ணுக்கும் தெரியாது. காளிச்சாமி செங்கோடனைப் பார்த்தான், கிருபாசங்கரைப் பார்த்தான், இரண்டு பேரும் நிமிரவில்லை. கடைசித் தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.